நாவலூர் டு துறைமுகம்: முப்பது ரூபாய் குமாஸ்தாவைத் தேடி ஒரு நாள்!

உங்க ரூம்ல அரியர் வெச்சிருக்கிற ஆள் யாராவது உண்டா? உண்டுன்னா இந்த டயலாக்கை நீங்க கேட்காம இருந்திருக்கவே முடியாது. “ராமானுஜனே ஃபெயில்தான் மச்சி!”

எங்க ரூமில் இது வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடும். ரூம் இருப்பது நாவலூரில், ஓ.எம்.ஆரை விட்டு உள்ளே போகிற ஒரு சந்தில். டோல் வசூலை 2023 அக்டோபரிலேயே நிறுத்திட்டாங்க. ஆனால், யாருக்காவது வழி சொல்லும்போது இன்னமும் ‘டோல்கேட்ல இறங்கிக்கோ’தான். மொத்தம் நாலு பேர். ஒருத்தன் நைட் ஷிஃப்ட். ஒருத்தன் ஆஃபர் லெட்டர் கையில் வந்து, ஜாயினிங் தேதி வராமல் காத்திருக்கிறவன். மூணாவது நான். நாலாவது ஆள் எம்-3 பேப்பரை நாலாவது தடவை எழுதப் போகிறவன். டயலாக் அவனோடது.

அவன் சொல்றது நிஜம்தானான்னு பார்த்துடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். சீனிவாச ராமானுஜன் பிறந்தது ஈரோடு (1887 டிசம்பர் 22), வளர்ந்தது கும்பகோணம், புகழ் பெற்றது கேம்பிரிட்ஜ். இதெல்லாம் ஸ்கூல் புக்கிலேயே இருக்கு. ஆனால், அவர் காலேஜ் மாறி வந்து மறுபடியும் ஃபெயிலானது, வேலை கேட்டு அலைந்தது, குமாஸ்தாவாகக் கணக்கு எழுதியது, கடைசியில் கண் மூடியது எல்லாமே நம்ம சென்னையில். நாவலூரில் இருந்து ஒரு பஸ், ஒரு பறக்கும் ரயில், அப்புறம் கொஞ்சம் நடை. அவ்வளவுதான். வாங்க, கூடவே வாங்க.

முதலில் எதிர்த்திசையில் ஒரு சின்ன ரவுண்டு. கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிறுசேரி. சிப்காட் ஐ.டி. பார்க். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற அந்த ஏரியாவில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கணக்கு காலேஜ் இருக்கு, தெரியுமா? சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். சுருக்கமாக சி.எம்.ஐ. சி.எஸ்.சேஷாத்ரி என்கிற பெரிய கணிதவியலாளர் 1989-ல் தொடங்கியது. 2005-ல் இந்த இடத்துக்கு வந்தது. சேஷாத்ரி லயோலாவில் படித்தவர், கர்னாடக சங்கீதத்திலும் ஆழ்ந்தவர். 2020-ல் காலமானார். இங்கே பி.எஸ்சி. சேர தனியாக என்ட்ரன்ஸ் உண்டு. கணக்கு மட்டும்தான். ஆனால், நாலு ஆப்ஷனில் ஒண்ணை டிக் பண்ணிட்டு வெளியே வந்துட முடியாது. ‘நிரூபி’ன்னு கேட்பாங்க.

அந்த கேட் வாசலில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. ப்ளஸ் டூ முடிச்சதும் இந்த என்ட்ரன்ஸ் எழுதணும்னு ஆசைப்பட்டவன் நான். “கணக்கு படிச்சு டியூஷன் எடுக்கப் போறியா?” என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது. அதோட கதை முடிந்தது, இன்ஜினீயரிங் ஆரம்பித்தது. சரி, அதை விடுங்க.

பதினெட்டு வயசு ராமானுஜன் இன்னிக்கு இந்த வாசலுக்கு வந்தா என்ன ஆகும்? என்ட்ரன்ஸில் தூள் கிளப்புவார். ஆனால், ப்ளஸ் டூ சர்ட்டிஃபிகேட் எங்கேன்னு கேட்பாங்களே? அவர் தோற்ற ‘எஃப்.ஏ.’ படிப்பு கிட்டத்தட்ட நம்ம ப்ளஸ் டூதான். ஆக, இன்னிக்கும் அவர் கேட்டுக்கு வெளியேதான்! யாரையும் குத்தம் சொல்லலை. சட்டம்னு ஒண்ணு இருந்தா, அதுக்குள்ள அடங்காத ஆள்னும் ஒருத்தன் இருக்கத்தானே செய்வான்?

மறுபடி வண்டியைத் திருப்பினேன். செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், துரைப்பாக்கம்... மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ் நகர நகர, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் டைடல் பார்க். இந்தத் தரமணி வட்டாரத்தில் ராமானுஜன் பெயரிலேயே ஒரு ஐ.டி. வளாகம் இருக்கு. ஐ.டி. கார்டு இல்லாத நான் பெயர்ப்பலகையைப் பார்த்ததோட சரி. பக்கத்திலேயே, 1962-ல் ஆரம்பித்த கணித அறிவியல் நிறுவனம். ‘மேட்சயின்ஸ்’னு சொன்னாதான் ஆட்டோக்காரருக்குப் புரியும். அதைத் தொடங்கி வைக்க வந்தவர் வானியல் மேதை சந்திரசேகர். ராமானுஜனை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க எல்லாம் இந்த கேம்பஸில்தான் இருக்காங்க.

திருவான்மியூரில் பறக்கும் ரயில். ஜன்னலோர சீட் பிடிங்க. கீழே கறுப்பா ஓடுதே, அது பக்கிங்காம் கால்வாய். நாவலூருக்குக் கிழக்கே ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவில் வருகிற அதே கால்வாய்தான். ராமானுஜன் காலத்தில் இதில் சரக்குப் படகு போச்சுன்னு சொன்னா இப்ப நம்பறது கஷ்டம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே நம்புங்க. திருவல்லிக்கேணியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கலாம். இப்போ நேரா கடைசி ஸ்டேஷன், சென்னை கடற்கரை.

இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் நடந்தால், கடைகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோட ஒரு பழைய கட்டடம். பச்சையப்பன் ஹால். பச்சையப்பன் கல்லூரி இன்றைய இடத்துக்குப் போனது 1940-ல்தான். 1906-ல் ராமானுஜன் சேர்ந்தபோது கல்லூரி இங்கே.

அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லணும். ஸ்கூலில் பையன் ஃபர்ஸ்ட். 1904-ல் கணக்குக்குப் பரிசு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப். ஆனால், அதற்குள் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைச்சிருந்தது. கார் என்கிற லண்டன் டியூஷன் வாத்தியார் பரீட்சைக்காகத் தொகுத்தது. ஐயாயிரம் சூத்திரங்கள் போல இருக்கும். பெரும்பாலானதுக்கு நிரூபணமே இருக்காது. நம்ம பாஷையில் சொன்னால், ஒரு கைடு! நாமெல்லாம் கைடை வெச்சுப் பாஸாவோம். அவர் அந்த கைடால்தான் ஃபெயிலானார். ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே போட்டுப் பார்த்து, அதில் இருந்து புதுசு புதுசா கண்டுபிடிச்சு நோட்டில் எழுத ஆரம்பிச்சவர், வேற எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. இங்கிலீஷ் போச்சு. ஸ்காலர்ஷிப் போச்சு. 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார்.

மறுவருடம் இங்கே, பச்சையப்பனில். சிங்காரவேலு முதலியார் என்கிற கணக்குப் பேராசிரியர் இவரைப் புரிஞ்சுக்கிட்டு கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆனால், உடற்கூறு இயல்னு ஒரு பாடம் இருந்ததே! ஜீரண மண்டலம் பற்றிய கேள்விக்கு, ‘இது எனக்கு ஜீரணமாகாத பாடம்’ என்கிற அர்த்தத்தில் எழுதிக் கொடுத்துட்டு வந்தார்னு ஒரு கதை உண்டு. 1906 டிசம்பர் பரீட்சை அவுட். 1907-ல் தனியாக எழுதியதும் அவுட்.

ஆக, ரூம் மேட் சொன்னது நிஜம். ஆனால், முழுக்க நிஜம் இல்லை. அவர் கோட்டை விட்டது எதில் எல்லாம்னு பாருங்க. கணக்கில் மட்டும் இல்லை!

திரும்பி ராஜாஜி சாலைக்கு வாங்க. ஜி.பி.ஓ.வின் செங்கல் கட்டடம், கன்டெய்னர் லாரிகள், கடல் வாசனை. துறைமுக அலுவலகம் இந்த சாலையில்தான். அன்றைக்கு மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட். 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி ஒரு வேலை விண்ணப்பம் இங்கே வந்தது. விலாசம்: 7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி. மார்ச் 1-ஆம் தேதி அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்தான். அக்கவுன்ட்ஸ் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நாலாம் கிரேடு குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். வயசு 24. கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம்.

நாவலூர் பஸ் ஸ்டாப்பில் காலையில் டேக் மாட்டிக்கிட்டு நிற்கிற கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. அவரும் அப்படி ஒருத்தர்தான். பகலில் ஆபீஸ் கணக்கு, ராத்திரி சொந்தக் கணக்கு. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அவருக்கு அமைஞ்ச ‘டீம் லீடர்’ நாராயண ஐயர், தானே ஒரு கணிதக்காரர். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு இன்ஜினீயர். கீழே வேலை பார்க்கிற பையன் ஆபீஸ் நேரத்தில் வேற என்னமோ எழுதறான்னு தெரிந்தும், இவங்க மெமோ கொடுக்கலை. யாரிடம் காட்டினால் இவனுக்கு வழி பிறக்கும்னு விசாரிச்சாங்க. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ராமானுஜனைக் காப்பாற்றியது பரீட்சை ஹால் இல்லை, ஒரு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்.

1913 ஜனவரி 16. இந்தக் குமாஸ்தா கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச்.ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, துறைமுகத்தில் குமாஸ்தா என்று முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லி, கூடவே பக்கம் பக்கமாக சூத்திரங்கள். ஏற்கெனவே வேற ரெண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களிடம் முயற்சி செய்து ஒண்ணும் நடக்கலை. ஹார்டியும் முதலில் ஏமாற்று வேலையோன்னு சந்தேகப்பட்டார். அப்புறம் சக பேராசிரியர் லிட்டில்வுட்டோட ராத்திரி உட்கார்ந்து பார்த்தார். சிலது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்தது. பகா எண்கள் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் தப்பு. மீதி இருந்ததில் சிலதைப் பார்த்து ரெண்டு பேருக்கும் தலை சுத்திப்போச்சு. பதில் வந்தது. பாஸாகாத பையனுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டியே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல், இதோ இந்தத் துறைமுகத்தில் இருந்து ‘நெவாசா’ கப்பல் ஏறினார்.

அங்கே போய் சாதித்ததை எல்லாம் எழுதினால் இந்த இதழ் முழுக்க நானே எழுதணும். எஃப்.ஆர்.எஸ்., டிரினிட்டி ஃபெல்லோ ரெண்டும் 1918-ல். டாக்ஸி நம்பர் 1729 கதை உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். 4 என்கிற எண்ணை எத்தனை விதமாகப் பிரிச்சுக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. அஞ்சு விதம். சரி, 200-ஐ? 3,97,299 கோடிக்கும் மேல! இதை ஒவ்வொண்ணா எண்ணாமல் கண்டுபிடிக்கிற சூத்திரத்தை ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்டாங்க. மெக்மஹோன் என்கிறவர் கையாலேயே கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் பாஸ்.

ஆனால், இதே ஹார்டி பின்னாளில் எழுதிய ஒரு விஷயம் என்னைத் தூங்க விடாமல் பண்ணியது. ராமானுஜன் 32 வயதில் செத்துப்போனது பெரிய சோகம் இல்லை என்கிறார் அவர். பதினெட்டில் இருந்து இருபத்தைந்து வரைதான் ஒரு கணிதக்காரனின் முக்கியமான வருடங்கள். அந்த வருடங்களில் ராமானுஜனுக்குச் சரியான புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடிச்சு முடிச்சதை எல்லாம் தனியாக உட்கார்ந்து மறுபடி கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தார். சோகம் அதுதான் என்கிறார்.

பதினெட்டு டு இருபத்தைந்து. ராஜாஜி சாலையில் லாரிகளுக்கு நடுவில் நின்னு கணக்குப் போட்டேன். எனக்கு இருபத்து மூணு.

திரும்பும் ரயிலில் திருவல்லிக்கேணியில் இறங்கினேன். வேலை கிடைக்கும் முன் ராமானுஜன் சம்மர் ஹவுஸில் தங்கியிருந்தது இந்தப் பேட்டையில்தான். அப்போ அவருக்கு மாசச் செலவுக்கு 25 ரூபாய் கொடுத்தவர் நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ். அவரிடம் அனுப்பி வைத்த பெரியவர்களில் ஒருத்தர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமஸ்வாமி ஐயர். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர். தாலுகா ஆபீஸில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கன்னு நோட்டை நீட்டிய ராமானுஜனுக்கு அவர் வேலை கொடுக்கவில்லை. இந்த மூளையை ரெவின்யூ ஆபீஸில் புதைக்க மனசு வரலைன்னு மறுத்துட்டார். எப்பேர்ப்பட்ட ரிஜெக்‌ஷன் பாருங்க!

1911-ல் அந்தக் கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். கேள்வி எண் 289. நீங்களும் போட்டுப் பாருங்க:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) = ?

முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும் வர்க்கமூலம். மூணு இதழ்கள், ஆறு மாசம் காத்திருந்தார். யாரும் விடை அனுப்பலை. கடைசியில் அவரே சொன்னார். விடை: 3. அவ்வளவுதான்!

எப்படின்னா... 3 என்பது √9. அந்த 9-ஐ 1 + 2×4 என்று எழுதுங்க. அதில் வரும் 4 என்பது √16. அந்த 16-ஐ 1 + 3×5 என்று எழுதுங்க. 5 என்பது √25, அது 1 + 4×6. இப்படியே போய்க்கிட்டே இருங்க. (‘போய்க்கிட்டே இருந்தா போதுமா, முடிவில்லாம போறப்போ சரியா வரும்னு என்ன நிச்சயம்?’னு உங்களில் யாராவது கேட்டா, சிறுசேரி கேட் உங்களுக்காகத் திறந்திருக்கு.)

திருவல்லிக்கேணியில் பாரதி சாலைக்கு வந்தேன். பழைய புத்தகக் கடைகளுக்காக நீங்களும் வந்திருப்பீங்க. இதோட பழைய பேர் பைகிராஃப்ட்ஸ் ரோடு. நாராயண ஐயர் வீடு இந்த ரோட்டில்தான் இருந்தது. ஆபீஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரும் மாடியில் ஆளுக்கொரு சிலேட்டோட உட்கார்ந்தா, ராத்திரி பதினோரு மணி தாண்டிடுமாம். பேப்பர் வாங்கக் காசு கிடையாது. அதனால் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழிச்சு, விடையை மட்டும் நோட்டில் ஏத்துவார் ராமானுஜன். “நடுவில் உள்ள ஸ்டெப் எல்லாம் எங்கேப்பா? எனக்கே புரியலைன்னா வெளியில யாருக்குப் புரியும்?” என்று ஐயர் விடாமல் கேட்பாராம். ஸ்டெப் மார்க் பிரச்னை ராமானுஜனுக்கும் இருந்திருக்கு! அந்த ரோட்டுக்கு, கணக்குன்னாலே ஆகாத பாரதியார் பேரை வெச்சதுதான் வேடிக்கை.

இங்கே இன்னொருத்தரைப் பற்றியும் சொல்லணும். ஜானகி அம்மாள். 1909-ல் கல்யாணம் நடந்தபோது அவங்களுக்குப் பத்து வயசு. புருஷன் லண்டனில் இருந்து உடம்பு தேயத் திரும்பி வந்தது 1919 மார்ச்சில். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தது. இடையில் இருந்த ஒரு வருஷம்தான் அவங்க சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையில் பெரும்பகுதி. படுத்த படுக்கையில் அவர் எழுத எழுத, பேப்பர்களை எடுத்துப் பத்திரப்படுத்தியவர் இந்த அம்மாதான். அந்தப் பேப்பர்கள் யுனிவர்சிட்டிக்குப் போய், இங்கிலாந்து போய், யார் யார் கைக்கோ மாறி, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்தது. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்கிற அமெரிக்கர் அதைக் கண்டுபிடிச்சார். 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். உலகமே ‘தொலைந்த நோட்டு’ என்று கொண்டாடியது. அப்போ ஜானகி அம்மாள் இந்த திருவல்லிக்கேணியில்தான் இருந்தாங்க. சொற்ப பென்ஷன், மற்றபடி தையல் வேலை செய்து வாழ்ந்தவங்க. 1994 வரைக்கும் இருந்தாங்க. பேட்டை ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ராயபுரத்தில் ராமானுஜன் மியூசியம் ஒண்ணு இருக்கு. பி.கே.சீனிவாசன் என்கிற கணக்கு வாத்தியார் 1993-ல் பாடுபட்டு உருவாக்கியது. ராமானுஜனோட கடிதங்களைத் தேடித் தேடிச் சேகரிச்சு 1968-லேயே புத்தகம் போட்டவர் அவர். அன்னிக்கு அங்கே போக நேரம் இல்லை. இருட்டிடுச்சு. நீங்க போகும்போது கடற்கரை ஸ்டேஷனில் இறங்கின கையோட அதையும் முடிச்சிடுங்க.

பாரதி சாலைக் கடையில் பேரம் பேசி ஒரு பழைய ‘ரியல் அனாலிசிஸ்’ வாங்கினேன். அட்டை கிழிஞ்சது. உள்ளே யாரோ பென்சிலால் ஓரம் எல்லாம் எழுதி, பாதியோட நிறுத்தியிருந்தாங்க. அறுபத்தி நாலாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு கோடு கூட இல்லை.

நாவலூர் ரூமுக்கு வந்தபோது மணி பத்தரை. நைட் ஷிஃப்ட் ஆள் கிளம்பிட்டான். எம்-3 ஆள் கட்டிலில் கவுந்து படுத்து செல்போன் பார்த்துக்கிட்டு இருந்தான். “டேய், ராமானுஜன் கணக்கில் ஃபெயில் ஆகலைடா” என்றேன். “தெரியும்” என்றான் தலையைத் தூக்காமல். “தெரிஞ்சா அப்புறம் ஏன்டா சொல்றே?” “வேற யாரைச் சொல்றது?”

பஸ் டிக்கெட் பின்னாடி எழுதியிருந்த கேள்வி 289-ஐ அவன் முன்னாடி வெச்சேன். விடையைச் சொல்லலை. ஒரு நிமிஷம் பார்த்தான். “இது சிலபஸ்லயே இல்லையே” என்றான். நான் கிழிந்த புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்கு லைட்டை அணைக்கலாம்னு நிமிர்ந்தால், அவன் என் பேனாவைக் கேட்டான்.